வலை பின்னியவர் யார்?

(நெய்வேலி நகரியத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நூலின் பெயரைக் கேட்டால் தனித்தமிழ் அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்பது அதன் பெயர். தாசி வடசொல். மோசமும் தமிழன்று. மைனரோ ஆங்கிலம். தலைப்பே இவ்வாறெனின் உள்ளே நடை எவ்வாறிருக்கும் என்று உய்த்துணரலாம். எனினும், தூய நடையில் ஒன்றுமில்லாததை எழுதிக் குவித்த நூல்கள் பலவற்றினும் இந்த ஒரு நூல் தமிழ்ப் பெண்ணினத்துக்குச் செய்த நன்மை பெரிது என்பது என் துணிபு. சொல்லில் முளைத்த களையை நாம் பிடுங்கிக் கொள்ளலாம். அந்நூலாசிரியர் பிடுங்க முனைந்த களை வேறு.

நூல் வெளிவந்தது 1936-இல். வெள்ளையர் ஆட்சிக் காலம். எழுதியவர் மூவலூர் இராமாமிர்த அம்மையார். 1883-இல் பிறந்தவர். வறுமை வாட்டிய பெற்றோர், ஐந்தாறு அகவைக் குழந்தையாய் இருந்த அவரைப் பத்து உருபாவுக்கும் ஒரு பழஞ்சேலைக்கும் ஒரு தாசியிடம் ஒப்படைத்தனர் என்று அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். பாட்டும் ஆட்டமும் கற்பிக்கப்பட்டார். பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்படும் வாழ்வை உதறித் தமக்கு இசை கற்பித்த சுயம்பு என்பவரையே மணந்தார். கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். பட்டதும் கண்டதுமே அவருக்குப் பாடம். அந்தப் பாடத்தைத்தான் ஐம்பத்து மூன்றாம் அகவையில் புதினமாக எழுதினார்.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். கோயிலைச் சார்ந்து பிழைக்கும் தாய் ஒருத்தி. அவளுக்கு மகளிர் இருவர். பெருஞ்செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவன் அவர்கள் கைப்படுகிறான். நிலம் போகிறது, நகை போகிறது, வீட்டில் மனைவி கண்ணீர் வடிக்கிறாள். இதுவரை பழைய கூளப்ப நாயக்கன் காலத்துக் கதைதான். புதுமை இதன்பின் வருகிறது. அவனை மீட்க முனைவோர் முனிவரோ கடவுளோ அல்லர், பெண்கள். அவன் மனைவிக்குத் துணை நிற்பவர்கள், அதே குலத்தில் பிறந்து அத்தொழிலை வெறுத்து வெளியேறிய மகளிர். பொட்டறுத்த பெண்ணும் தாலி கட்டிய பெண்ணும் ஒரே அணியில் நிற்கும் காட்சியை அதற்குமுன் எந்தத் தமிழ்ப் புதினம் காட்டியது? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

இனித் தலைப்புக்கு வருவோம். பழுப்பு நிலக்கரியை அடைய மேல்மண்ணை அகழ்ந்து தள்ளுவது உங்களுக்குக் கைவந்த வேலை. இந்நூலிலும் மேல்மண் தலைப்புதான். வலை தாசிகளுடையதாம், மதி மைனருக்காம்! பழி முழுதும் பெண்ணின்மேல். ஆணோ ஏமாந்து, பின் அறிவு பெற்ற அப்பாவி. 'மைனர்' என்பது வழக்குமன்றச் சொல். அகவை நிரம்பாத உரிமையாளனைக் குறிப்பது. தந்தை இறந்து சொத்து கைக்கு வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தால், நம் ஊரில் அச்சொல் சட்டைப் பையில் பணமும் விரலில் மோதிரமுமாகத் திரிபவனுக்குப் பெயராயிற்று. அகவை நிரம்பாதவன் குற்றம் செய்தால் சட்டம் இரங்கும் அன்றோ? அந்த இரக்கத்தையும் அச்சொல் தன்னுடன் கொண்டு வந்துவிட்டது போலும்! ஆனால் தாசிக்கு அத்தகைய இரக்கம் இல்லை. அவளுக்குப் பொட்டுக் கட்டும்போது அவள் அகவை என்ன என்று எந்த மன்றமும் கேட்டதில்லை.

பொட்டுக்கட்டு எவ்வாறு நடந்தது? பூப்படையாத சிறுமியை நீராட்டி, மணப்பெண்ணாய் ஒப்பனை செய்து, கோயிலுக்குக் கொண்டுபோவர். கருவறையில் வைத்து எடுத்த பொட்டை, இறைவனின் பேரால் பூசகர் தருவார், கழுத்தில் கட்டப்படும். அன்று முதல் அவள் கடவுளின் மனைவி. கடவுளுக்குச் சாவு இல்லை. ஆகலின் அவளுக்குக் கைம்மை இல்லை. மங்கல நிகழ்ச்சிக்கெல்லாம் அவளை முன்னே நிறுத்துவர். இதனைச் 'சிறப்பு' என்று சொல்லி மயக்கினர். கோயில் நிலத்தில் அவளுக்கொரு மானியம் உண்டு. அந்த மானியம் தொடர வேண்டுமானால் அவளுக்குப்பின் இன்னொரு சிறுமி பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். மகள் இல்லாதவள் பெண் குழந்தையை விலைக்கு வாங்கியேனும் வளர்ப்பாள். பத்து உருபாவும் பழஞ்சேலையும் இப்போது விளங்குகின்றனவா? ஒரு தாயின் கொடுமை அன்று அது. நிலத்தையும் கழுத்துப் பொட்டையும் ஒரே முடிச்சில் கட்டிய ஏற்பாடு.

அவள் இறந்தால் சில கோயில்களில் மடைப்பள்ளி நெருப்பு எடுத்துத் தருவர். இறைவனுக்குச் சாத்திய துணியும் மாலையும் வரும். உயிரோடிருந்தவளுக்கு ஒரு கணவனைக் கொடுக்காத கோயில், பிணத்துக்கு நெருப்புக் கொடுத்தது! யாருக்கு யார் மனைவி, யார் பிணம் எந்த நெருப்பில் வேகும் என்பதையெல்லாம் கோயிலதிகாரம் முடிவு செய்யும் நாட்டில், அரசன் வேறு எதற்கு?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. பிலிப்பைன் தீவுகள் இசுபானியர்க்கு அடிமைப்பட்டிருந்தபோது, ஓசே இரிசால் என்னும் கண் மருத்துவர் 1887-இல் 'என்னைத் தொடாதே' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரில் ஒரு புதினம் எழுதினார். அயல்நாட்டில் பயின்று ஊர் திரும்பும் இளைஞன், தன் தந்தை சிறையில் மாண்டதையும், புதைத்த உடலைப் பாதிரியார் ஒருவர் ஆணையிட்டுத் தோண்டி எடுக்கச் செய்ததையும் அறிகிறான். பிணத்தின்மேலும் ஆட்சி! அங்கே துறவு மடங்கள் நிலக்கிழார்களாகவும் இருந்தன. உழவன் மடத்துக்கே வாரம் அளந்தான். எழுதியவரை 1896-ஆம் ஆண்டு திசம்பர் 30-இல் மணிலாவில் சுட்டுக் கொன்றனர். அந்நாட்டுப் பிள்ளைகள் அந்நூலைப் பள்ளியிலேயே பாடமாகப் படிக்கின்றனர். நாம் மூவலூர் அம்மையாரின் நூலை எந்த வகுப்பில் படித்தோம்?

இங்கே நம் அன்பர் ஒருவர் எழுந்து, 'ஐயா, இதெல்லாம் வடவர் புகுத்தியது; பண்டைத் தமிழகத்தில் இல்லை' என்று சொல்லக்கூடும். பாதி உண்மை. 'தேவதாசி' என்னும் சொல் பிற்காலத்து வழக்கு. நம் கல்வெட்டுகளில் உள்ள பெயர்கள் தேவரடியார், பதியிலார், தளிச்சேரிப் பெண்டுகள் என்பன. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் நாட்டின் பல கோயில்களிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தினான். நம் நகரியத்தில் வட்டத்துக்கும் வீட்டுக்கும் எண் இருப்பது போல, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொருத்தியையும் கல்லில் வெட்டி வைத்தான். ஒருத்திக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. அவர்களை இழிவாகக் குறிக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. சோழர் காலத் தேவரடியார் பலர் தாமே கோயிலுக்குப் பொன்னும் நிலமும் கொடுத்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

ஆனால் அதே சோழர் காலத்தில், 1201-இல், பஞ்சத்தில் பிழைக்க வழியற்ற வேளாளன் ஒருவன் தன்னையும் தன் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றதைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு சொல்கிறதே! அதையும் தமிழில்தான் வெட்டியிருக்கிறார்கள். தஞ்சைக் கல்வெட்டைப் படித்து நெஞ்சு நிமிர்த்துபவன் திருப்பாம்புரத்துக் கல்வெட்டைப் படித்துத் தலை குனியவும் வேண்டும். நூறு கலம் நெல் கொடுத்த கோயிலும் 110 காசு கொடுத்த கோயிலும் ஒன்றே. வறியவன் வீட்டுப் பெண் விலைப்பொருளாகும் நாளில் அவளை வாங்கக்கூடிய ஒரே பெருஞ்செல்வ நிலையம் கோயிலாக இருந்தது என்பதே கருத்து. வடநூல்கள் அதற்கு ஒப்புதல் முத்திரை குத்தின. நம் வேந்தரும் வேளாண் பெருமக்களும் அம்முத்திரைக்கு மை கொடுத்தனர். அம்மையாரும் தம் நூலின் முன்னுரையில் தம் வாழ்வையே சான்றாக வைத்து, பெண்களை இத்தொழிலில் தள்ளியது கடவுளும் கலையும் துணையாகக் கொண்ட பெரியோர் சூழ்ச்சியே என்னும் கருத்தைத்தான் நாட்டுகிறார். தலைப்பு சொல்லாததை முன்னுரை சொல்லிவிடுகிறது.

அதை எழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் முத்துலக்குமி சென்னைச் சட்டமன்றத்தில் போராடி, 1929-இல் மானிய நிலத்தைக் கோயிற்பணியினின்றும் விடுவிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். முடிச்சின் ஓர் இழை அறுந்தது. 1930-இல் பொட்டுக்கட்டையே தடுக்கும் வரைவை முன்வைத்தார். அது சட்டமானதோ 1947-இல்! இடையில் பதினேழு ஆண்டுகள். நாட்டு விடுதலை பேசியவர்களிலேயே பலர், சாத்திரத்தில் கைவைப்பதா என்று தயங்கினர். தாசியர் சங்கத்தாரும் எதிர்த்து முறையீடு எழுதினர்; அவர்கள் அஞ்சியதில் பொருளும் உண்டு. நிலமும் கலையும் போனால் எஞ்சுவது பழிப்பெயர் ஒன்றே அன்றோ?

அவர்கள் அஞ்சியபடியே ஒரு பகுதி நடந்தது. 1932-இல் சென்னை இசைப் பேரவையார் சதிராட்டத்துக்குப் 'பரதநாட்டியம்' என்று பெயர் சூட்டினர். மூவலூர் அம்மையார் நூல் வந்த அதே 1936-இல் உருக்குமணி அருண்டேல் கலாசேத்திரத்தை நிறுவினார். ஆட்டம் அரங்கேறியது, ஆடிய குலம் அரங்கைவிட்டு இறங்கியது. நட்டுவனார் வீட்டு அடவும் பதமும் பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பெருமையாயின. அவற்றைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்தவள் பேரன், பள்ளிப் பதிவேட்டில் 'தந்தை பெயர்' என்னும் கட்டத்தின்முன் திகைத்து நின்றான். பெயரைத் தமிழிலிருந்து பிடுங்கி வடமொழியில் வைத்ததற்கு நாம் சினப்படுகிறோம். நியாயமே. ஆனால் ஆளையே பிடுங்கியதற்கு நாம் பட்ட சினம் எவ்வளவு?

நூலில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. அதை மறைப்பது திறனாய்வாகாது. தாயையும் மகளிரையும் அம்மையார் வரைந்துள்ள முறை மிகக் கடுமை. அவர்தம் பொய்யழுகையும் பொய்ந்நோயும் நேர்த்திக்கடன் என்று பணம் பிடுங்கும் உத்திகளும் வாசகனைச் சிரிக்க வைக்கின்றன. சிரிக்கிறவன் ஆண். சிரித்து முடித்து, 'இந்தத் தாசிகளே இப்படித்தான்' என்று நூலை மூடிவிடும் இடர் இருக்கிறது. உள்ளிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு அவ்வுரிமை உண்டு என்பார்கள். உரிமை உண்டுதான், எனினும் அக்கடுமையில் பாதியைப் பொட்டு எடுத்துக் கொடுத்த கைக்கும் வைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் பண்டிதர்க்கு எழுதவில்லை. வலையினுள்ளே இருந்த தம் தங்கையர்க்கு எழுதினார். அறுத்துக்கொண்டு வெளியே வா என்று உலுக்குகிறவள் குரலில் இனிமை எங்கிருந்து வரும்?

வெளியே வந்தவள் என்ன செய்வாள் என்பதையும் அவரே வாழ்ந்து காட்டினார். 1938 ஆகத்து முதல் நாள் திருச்சியிலிருந்து இந்தித் திணிப்பை எதிர்த்துப் புறப்பட்ட தமிழர் படையில் நடந்த ஒரே பெண் அவர். அகவை ஐம்பத்தைந்து. வெயிலிலும் மழையிலும் ஊர்ஊராகப் பேசிக்கொண்டு, செப்தம்பர் 11-இல் படை சென்னை சேரும்வரை நடந்தார். கலப்பு நடையில் நூல் எழுதிய அந்தக் கால்கள் தமிழுக்காக நடந்த தொலைவை, தூய நடையில் எழுதும் நாம் எத்தனை பேர் நடந்திருக்கிறோம்?

1962-இல் மறைந்தார். 1989-இல் ஏழைப் பெண்கள் திருமண உதவித் திட்டத்துக்கு அரசு அவர் பெயரை வைத்தது. பின்னர் 2011-இல் அதனோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கழுத்துப் பொட்டை எதிர்த்தவர் பெயரில் தாலித் தங்கம்! 2022-இல் அத்திட்டம் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா. அவர் உயிரோடிருந்தால் இம்மாற்றத்தைத்தான் விரும்பியிருப்பார். என்னிடம் படித்துச் சென்ற பெண்கள் அந்தத் தொகையைப் பெறுகிறார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று கேட்டேன். ஒருத்தி, 'பழைய அமைச்சராக இருந்திருப்பார், ஐயா' என்றாள்.

அவளை நான் நோகவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் நாம். நூல் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. நகரியத்து நூலகத்துக்கு ஒரு படியும் என் வகுப்புக்கு ஒரு படியும் வாங்கியிருக்கிறேன். அடுத்த திங்கள் நாம் கூடும்போது முன்னுரையையும் முதல் இயல்களையும் மாணவியர் இருவர் படிப்பார்கள். பெரியவர்கள் வந்து கேளுங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்து வாருங்கள்.