மீன் தொட்டி கற்றுத் தந்த மின்கடத்துதிறன்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வகுப்பறையில் நான் சொன்ன ஒரு தவறான வாக்கியத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நீரின் தரம் குறித்துப் பேசும்போது, மின்கடத்துதிறன் அளக்கும் சிறு மீட்டரைக் காட்டி, "எண் குறைந்தால் நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாணவன் அந்த மீட்டரை இரவல் வாங்கிப் போனான். அவன் வீட்டு மீன் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மீட்டர் 1500 காட்டியது. ஆர்.ஓ. தண்ணீரில் 60. தொட்டியைக் காலி செய்து முழுவதும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினான். இரண்டு நாளில் கப்பி மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. "டீச்சர், நீங்கதானே சொன்னீங்க?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது? நீரில் கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிகின்றன. மின்சாரத்தைக் கடத்துபவை அவையே. அயனிகள் கூடினால் அளவீடும் கூடும். அலகு மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. கடல்நீரில் இது சுமார் 50,000. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அளவீடு ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். ஆகவே 25 டிகிரிக்குச் சரிசெய்தே ஒப்பிட வேண்டும். டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்துதிறனையே அளந்து, பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது.

இனி மீனுக்கு வருவோம். நன்னீர் மீனின் உடல் திரவம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. சவ்வூடு பரவலால் செவுள் வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றி, இழந்த உப்பைச் செவுள் வழியே மீண்டும் பெறுகிறது. வெளிநீரின் உப்பு ஒரே நாளில் சரிந்தால் இந்தச் சமநிலை குலைகிறது. மேலும், கப்பி கடின நீரில் நன்றாக வாழும் மீன். அமேசான் பகுதியைச் சேர்ந்த நியான் டெட்ராவுக்கோ மென்னீர் ஏற்றது. எல்லா மீனுக்கும் பொதுவான நல்ல எண் என்று ஒன்று இல்லை.

எண் மெல்ல ஏறுவதும் ஒரு செய்திதான். 40 லிட்டர் தொட்டியில் அளவீடு 800 என்று கொள்வோம். 10 லிட்டர் ஆவியாகிறது. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. அதே 800 அளவுள்ள தண்ணீரை 10 லிட்டர் ஊற்றினால் அளவீடு சுமார் 1000 ஆகும். மறுமுறை 1200. குறைந்ததை நிரப்பினால் மட்டும் போதாது, அவ்வப்போது பழைய நீரில் ஒரு பகுதியை அகற்றிப் புது நீர் விட வேண்டும் என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கிலேயே கண்டுகொள்வார்கள்.

மீட்டர் சொல்லாததும் உண்டு. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியாவே மீனுக்கு ஆபத்து. ஆனால், அதனால் அளவீடு 10 அலகுகூட ஏறாது. 800, 808 ஆனால் யார் கவனிப்பார்கள்? மீட்டருக்கு அயனிகளின் மொத்த அளவுதான் தெரியும். எந்த அயனி என்பது தெரியாது. அம்மோனியாவுக்குத் தனிச் சோதனைதான் வழி.

இதை வகுப்பில் காட்ட இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, மற்றொன்றில் ஒரு கரண்டி சர்க்கரை. உப்பு நீரில் எண் பாயும். சர்க்கரை நீரில் ஏறக்குறைய அசையாது. "சர்க்கரைத் தண்ணியில ஒண்ணுமே இல்லையா?" என்று கேளுங்கள். விளக்கம் மாணவர்களிடமிருந்தே வரும்.

அந்த மாணவனிடம், "தப்பு என்னுடையது" என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னேன். இப்போது அவன் புதுத் தொட்டி வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை அளவீட்டையும் தேதியையும் நோட்டில் எழுதுகிறான். நானும் என் வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன்: "எண் மாறினால், எது மாறியது என்று தேடு."