பைப்பை இறுக்கி மூடும்மா: சிங்க்குக்கு ஒற்றைக் கைப்பிடிக் குழாய் வாங்கின கதை

இன்னைக்குப் பேசப்போறது கிச்சன் சிங்க்ல இருக்கிற குழாயைப் பத்தி. சிரிக்காதீங்க. நானும் முதல்ல இதுல பேச என்ன இருக்குன்னுதான் நினைச்சேன். அதுக்கப்புறம் ஒரே வருஷத்துல ரெண்டு குழாய் வாங்கினேன்.

விஷயம் எங்க அம்மாகிட்ட இருந்து ஆரம்பிக்குது. போன வருஷம் அம்மா என்கூட சென்னைக்கு வந்துட்டாங்க. எங்க வீட்டு சிங்க்ல பழைய திருகு குழாய். காலையில நான் எழுந்து வந்தா அது சொட்டிக்கிட்டே இருக்கும். "ஏம்மா, பைப்பை இறுக்கி மூட மாட்டியா? லாரித் தண்ணி காசு யாரு குடுக்குறது?"ன்னு கத்துவேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, நாலஞ்சு மாசம் கத்தியிருக்கேன். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வந்து திரும்பவும் திருகிட்டுப் போவாங்க.

ஒருநாள் சீக்கிரம் எழுந்துட்டேன். அம்மா ஒரு துண்டைக் குழாய்மேல சுத்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகுறாங்க. முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் காலையில இறுகிப் போயிருக்கும். மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் சொட்டுற குழாய்க்கும் இருக்கிற சம்பந்தம் மட்டும் என் மண்டையில ஏறவே இல்ல. அன்னைக்கு ஆபீஸுக்குப் போற வழியில மெட்ரோ ரயில்ல உட்கார்ந்து நான் தேடின வார்த்தை 'சிங்கிள் லீவர் சிங்க் மிக்ஸர்'. கடையில கேட்கும்போது நீங்களும் இதே பேர்ல கேளுங்க.

திருகு குழாய்க்கு உள்ள ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். நாம திருகத் திருக அது போய் தண்ணி வர்ற வாயை அமுக்கும். வாஷர் தேயத் தேய இன்னும் அழுத்தித் திருகணும். அழுத்தித் திருகினா இன்னும் தேயும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய்ல இந்த அமுக்குற வேலையே கிடையாது. கைப்பிடிக்கு அடியில கார்ட்ரிட்ஜ்னு ஒரு உருளை. அதுக்குள்ள வழவழன்னு தேய்ச்ச ரெண்டு செராமிக் தட்டு ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைத் தூக்கினா மேல்தட்டு நகர்ந்து வழி திறக்கும். இடவலமா திருப்பினா சுடுதண்ணி எவ்வளவு, பச்சைத்தண்ணி எவ்வளவுங்கிறது மாறும். விரலே வேண்டாம். மணிக்கட்டால தட்டலாம், கையெல்லாம் மாவா இருந்தா முழங்கையால தூக்கலாம்.

இதுக்குப் பின்னாடியும் ஒரு கை இருக்கு. 1937ல அமெரிக்காவுல ஆல் மோயன்னு ஒரு மாணவர், ரெண்டு திருகு வச்ச குழாயைத் திறக்க, சுடுதண்ணி கொட்டிக் கையைச் சுட்டுக்கிட்டார். ஒரே கைப்பிடியில ரெண்டு தண்ணியையும் கலந்தா என்னன்னு யோசிச்சவர் அவர். குழாய் கடைக்கு வர்றதுக்கு 1947 ஆச்சு, நடுவுல ஒரு உலகப்போரே வந்து போயிடுச்சு.

சரி, நான் பண்ணின தப்புக்கு வரேன். ஷோரூம் போனேன். வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சு, நுனியை இழுத்தா ஷவரா நீள்ற மாடல். புல்-அவுட்னு சொல்வாங்க. மேட் பிளாக். அங்க தண்ணி விட்டுக் காட்டினப்போ அருவி மாதிரி கொட்டுச்சு. விலை சொல்ல மாட்டேன், வீட்டுலயும் சொல்லல. பிளம்பர் வந்து மாட்டினார். திறந்தா, நூல் மாதிரி வருது. ஒரு குக்கர் நிரம்புறதுக்குள்ள அம்மா ரெண்டு தடவை கால் மாத்தி நின்னாங்க.

குழாய்ல கோளாறு இல்ல. நான் இருக்கிறது நாலாவது மாடி, அதுக்குமேல மொட்டைமாடிதான். தண்ணி அழுத்தம்ங்கிறது டேங்க் மட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற உயரம். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். என் சிங்க்குக்கும் டேங்க்குக்கும் நடுவுல நாலு மீட்டர்கூட இல்ல, அப்போ 0.4 பார். அந்த மாடல் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு, நான் மாட்டின பிறகுதான் படிச்சேன். குறைஞ்சது 1 பார் வேணும்னு போட்டிருக்கு. அதுலயும் புல்-அவுட்டுக்குள்ள ஓடுற ஹோஸ் ஒல்லியா இருக்கும், இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் அது தின்னுடும். ஷோரூம்ல பம்ப் வச்சு ஓட்டுவாங்கங்கிறது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வேலை பண்ணுங்க. பத்து லிட்டர் வாளியை எடுத்து, இருக்கிற குழாயை முழுசா திறந்து, போன்ல நேரம் பாருங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள நிரம்பினா எதையும் வாங்கலாம். ஒன்றரை நிமிஷம் தாண்டினா புல்-அவுட் பக்கமே திரும்பாதீங்க. இது என் கணக்கு, பிளம்பர் அண்ணன் கேட்டுட்டுத் தலையாட்டினார். கீழ்மாடிக்காரங்களுக்கு இந்தக் கவலை இல்ல. எங்க அபார்ட்மெண்ட்ல பிரஷர் பம்ப் வைக்கலாம்னு ஒரு பேச்சு வந்து, காசை யார் பங்கு போடுறதுங்கிற இடத்துல நின்னுடுச்சு.

இன்னொண்ணு, இது அழுத்தத்தைவிட முக்கியம். உங்க சிங்க்குக்கு சுடுதண்ணி லைன் வருதா? நிறைய ஃபிளாட்ல பச்சைத்தண்ணி ஒரு லைன் மட்டும்தான் இருக்கும். இன்னும் சில இடத்துல சுடுதண்ணிக்கு இடம் விட்டு, டம்மி போட்டு மூடியிருப்பாங்க. அந்த வீட்டுல மிக்ஸர் வாங்கி மாட்டினா, கைப்பிடி இடதுபக்கம் போனா தண்ணி வராது, நடுவுல வச்சா பாதி வரும். குழாய் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரரோட சண்டை போடுவீங்க. ஒரே லைன்னா கால் சுத்துல திறக்கிற சாதாரண சிங்க் காக் போதும். அதுலயும் செராமிக் தட்டுதான், விரலுக்கும் சுலபம், விலையும் குறைவு. எனக்கு அந்த வழி இல்ல, ஏன்னா அம்மாவுக்கு வெதுவெதுன்னு தண்ணி வேணும். காலையில அதுல கையை நனைச்சாதான் விரல் மடங்குது.

ரெண்டாவது குழாயைப் பாரிமுனை பக்கம் ஒரு கடையில, உட்கார்ந்து பேசி வாங்கினேன். சுவர்ல மாட்டுற மாடல், ஏற்கெனவே சுவர்ல ரெண்டு பாயிண்ட் இருந்ததால. கடைக்காரர்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இதோட கார்ட்ரிட்ஜ் தனியா கிடைக்குமா?" 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர்னு ரெண்டு அளவு சகஜமா வரும். அஞ்சு வருஷம் கழிச்சு கசிஞ்சா அதை மட்டும் மாத்தணும். அது கிடைக்காத வெளிநாட்டு அழகி எனக்கு வேண்டாம். அப்புறம் கையில தூக்கிப் பாருங்க. பித்தளைன்னா கனம் தெரியும். காந்தம் வச்சுப் பார்த்தா தெரியும்னு ஒரு நண்பர் சொன்னார். பித்தளையிலயும் ஒட்டாது, மலிவான துத்தநாகக் கலவையிலயும் ஒட்டாது, அதனால அது உதவாது. சிங்க் கல்லுல ஓட்டை போட்டு நிறுத்துற மாடல்னா, கைப்பிடி பின்னாடி போகும்போது சுவத்துல இடிக்குதான்னு பாருங்க. உங்க வீட்டுப் பெரிய பாத்திரத்தோட உயரத்தையும் அளந்துட்டுப் போங்க. எங்க வீட்டுல அது இட்லிக் குண்டான்.

மாட்டுற அன்னைக்குப் பழைய குழாயைக் கழட்டினதும், பாயிண்ட்டைத் திறந்து ஒரு நிமிஷம் வாளிக்குள்ள தண்ணியை ஓட விடச் சொல்லுங்க. எங்களுக்கு போர் தண்ணி; மணலும் சுண்ணாம்புத் துண்டும் வந்து விழுந்துச்சு. அது ஒரு தடவை அந்த செராமிக் தட்டுக்கு நடுவுல போச்சுன்னா கீறல்தான், கசிவுதான்.

இப்போ பயன்படுத்துற விதம். இதை யாருமே சொல்லித் தர மாட்டாங்க. நம்ம கை தானா கைப்பிடியை நடுவுல நிறுத்தும், பார்க்க அழகா இருக்கில்ல. கீசர் போட்டிருக்கிற நேரத்துல ஒரு ஸ்பூன் கழுவ நடுவுல தூக்கினீங்கன்னா, பாதி தண்ணி கீசர்ல இருந்து கிளம்புது. எங்க கீசர் பாத்ரூம்ல, எட்டு மீட்டர் தள்ளி. பைப்புக்குள்ள மட்டும் ஒரு லிட்டர் பக்கம் ஆறின தண்ணி நிக்கும். ஸ்பூன் கழுவி முடியுற வரைக்கும் அந்த ஆறின தண்ணிதான் வரும். கிளம்பின சுடுதண்ணி பாதி வழியில நின்னு ஆறிப்போகும், அதுக்குப் பதிலா உள்ள போன பச்சைத்தண்ணியை கீசர் திரும்பவும் காய்ச்சும். கையில சூடே படல, மீட்டர் மட்டும் ஓடுது. அதனால எங்க வீட்டுல கைப்பிடி எப்பவும் வலதுபக்கம்தான் நிக்கும், வேணும்னா மட்டும் நகர்த்துவோம். மே மாசத்துல மொட்டைமாடி கறுப்பு டேங்க் புண்ணியத்துல வலதுபக்கமே கொதிக்கும், அது வேற கதை.

ஓட்டம் குறைஞ்சா உடனே பிளம்பரைக் கூப்பிடாதீங்க. வாயில இருக்கிற சல்லடை, ஏரேட்டர்னு சொல்வாங்க, அதைக் கழட்டி வினிகர்ல அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க. வெள்ளையா உதிரும். டாய்லெட் ஆசிட் மட்டும் வேண்டாம், குரோம் பூச்சு போயிடும்.

முதல் குழாய் இப்போ வேளச்சேரியில தரைத்தளத்துல இருக்கிற என் நண்பன் வீட்டுல அருவியா கொட்டுது. பாதி விலை குடுத்தான், இன்னும் மீதி தரணும்.

அம்மாவுக்குப் பழக ஒரு வாரம் ஆச்சு. மூடின பிறகும் பழக்கதோஷத்துல கைப்பிடியை ஒரு அமுக்கு அமுக்குவாங்க. "அமுக்க வேண்டாம்மா, இறக்கினாலே போதும்"னு சொன்னேன். "நீதானே அஞ்சு மாசமா இறுக்கி மூடு, இறுக்கி மூடுன்னு சொன்ன"ன்னு திருப்பிக் குடுத்தாங்க. அவங்களுக்குப் பிடிச்ச வெதுவெதுப்பு எந்த இடத்துல வருதுன்னு பார்த்து, குழாய் உடம்புல சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன். காலையில நான் எழுந்து வரும்போது கைப்பிடி அந்தப் புள்ளிக்கு நேரா இருக்கும், சிங்க் காய்ஞ்சிருக்கும்.