ரிப்போர்ட் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது?

('போலீசாரின் நற்பெயர் யார் கையில்?' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓர் அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



வழக்கமாகக் கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்பவள் நான். இன்று பேசச் சொல்லிவிட்டார்கள். எனவே, என் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோயிலுக்குப் புறப்பட்ட என் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கீழே விழுந்ததில் முழங்கையில் நல்ல காயம். அப்படியே போலீஸ் நிலையத்துக்குப் போனோம். முகப்பில் ஒரே ஓர் இளம் கான்ஸ்டபிள். எங்களுக்கு முன் ஆறேழு பேர். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

அம்மாவின் மலாய் தோட்டத்தில் பழகிய மலாய். அவர் சொல்லச் சொல்ல கான்ஸ்டபிள் தட்டச்சு செய்தார், அச்செடுத்தார், கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மாவும் போட்டார். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, சங்கிலி 'ஹிலாங்' என்று எழுதியிருந்தது. காணாமல் போய்விட்டதாம்! 'ராகூட்', அதாவது வழிப்பறி என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது ரிப்போர்ட் கொடுத்தோம். "காணாமப் போனதுக்கும் பறிச்சிக்கிட்டுப் போனதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்டயா நான் கழுத்தைக் காட்டினேன்?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்பேன். ஆனால், வழக்கு ஒரு மலாய்க்கார சார்ஜனிடம் போனது. அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். சம்பவம் நடந்த இடத்தை அம்மாவோடு நடந்தே போய்ப் பார்த்தார். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "ஆண்ட்டி, இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறோம்" என்றார். இரண்டு மாதம் கழித்து மீண்டும் ஓர் அழைப்பு, அதே பதில்.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும், யாராவது போலீசாரைத் திட்டினால், "எல்லாரையும் சொல்லாதீங்க, அந்த சார்ஜன் அப்படி இல்லை" என்று அம்மா குறுக்கே வந்துவிடுவார். பறிபோன பொருளைக்கூட மீட்டுத் தராத ஒரு மனிதர், இரண்டே தொலைபேசி அழைப்புகளில் ஒரு துறைக்கே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

தீபாவளி விருந்துக்கு வருகிறார்கள், பள்ளிகளில் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள், இரத்த தான முகாம் நடத்துகிறார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. நானும் அவற்றை ஒளிபரப்பியிருக்கிறேன். அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால், ஒரு குடும்பம் போலீஸ் நிலையத்துக்குப் போவது சிரிக்கிற நாளில் அல்லவே!

முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் மறு ஆண்டே 125 பரிந்துரைகளை முன்வைத்தது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்க, நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ள ஒரு சுயேச்சை அமைப்பு வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. கடைசியில் 2022இல் சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1ஆம் தேதிதான் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் செயலுக்கு வந்தது. அதுவும் விசாரித்துப் பரிந்துரைக்கலாமே தவிர, தானே தண்டிக்க முடியாது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தானா என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை.

நம் சமுதாயத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே குகனின் பெயர் வராமல் இருக்காது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த இளைஞர். தண்ணீர் குடித்தவர் மயங்கி விழுந்தார் என்பதுதான் முதலில் வெளியான விளக்கம். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் கேட்டுச் செய்த இரண்டாவது பரிசோதனையோ அடிகளையும், அதனால் சிறுநீரகம் செயலிழந்ததையும் காட்டியது. 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பே பொறுப்பு என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த மரணத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஆனால், அந்த 'தண்ணீர்' என்ற சொல்லும் மக்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. தவறு நடந்த மறுநாளே உண்மையைச் சொல்லியிருந்தால் கோபம் இருந்திருக்கும். அவநம்பிக்கை இவ்வளவு காலம் நீடித்திருக்காது என்பது என் கருத்து.

நமக்குச் சட்டம் என்ன தந்திருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நிறையவே தந்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அன்று அதைச் செய்திருந்தால் அம்மாவின் சங்கிலி 'காணாமல்' போயிருக்காது. 107ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் ஆன பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நாம் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். இதைச் சொன்னால் படித்தவர்களே "அப்படியா?" என்கிறார்கள். நானும் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள்தான். எனக்கும் அம்மாவின் வழக்குக்குப் பிறகுதான் தெரியும்!

2005இல் கோலாலம்பூரில் 'ராக்கான் கோப்' திட்டம் தொடங்கியபோது, தகவல் கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மக்களிடமிருந்து போலீசாருக்குத் தகவல் போக வழி செய்தது பாராட்டத்தக்கது. போலீசாரிடமிருந்து மக்களுக்கு என்ன திரும்பி வருகிறது? கொடுத்தவர்களுக்கு ஒரு பதில் வந்தால்தானே அடுத்த முறையும் கொடுப்பார்கள்? ஆள் பற்றாக்குறை என்பார்கள். முகப்பில் இருந்த அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்தவள் நான், அது பொய்யில்லை. ஆனால் நான்காவது வாரம் தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எத்தனை ஆள் வேண்டும்?

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். கண்ணெதிரே அடிதடி நடந்தாலும் சாட்சி சொல்ல மாட்டோம். வட்டாரத்து 'அண்ணன்' ஒருவரிடம் போய்ப் பஞ்சாயத்து வைப்போம். சாலையில் நிறுத்தினால் முதலில் கை சட்டைப்பையில் 'கோப்பி காசு' தேடும். பிறகு வீட்டுக்கு வந்து போலீஸ் மோசம் என்போம்.

அந்த சார்ஜன் மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊர் என்று தெரியாது. போன மாதம் எங்கள் தாமானில் பக்கத்து வீட்டில் திருட்டு. ரிப்போர்ட் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அந்த அக்கா தயங்கினார். என் அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கையெழுத்துப் போடும் முன், வாசித்துக் காட்டுங்கள் என்று தன் தோட்டத்து மலாயிலேயே கேட்டாராம். வாசித்துக் காட்டினார்களாம்.