ஒரு மேசைக் கணினியும் பல கைபேசிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசும் இம்மேடையில் இயந்திரத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். தமிழறிந்த பெரியோர் பேசி அமர்ந்தபின், கேபிளையும் கணினியையும் பற்றிப் பேச எழுந்திருப்பது சற்று வேடிக்கையாகவே தோன்றும். ஆயினும் நம் காலனியில் இன்று கைபேசி இல்லாத வீடு இல்லை. ஒரே வீட்டில் மூன்று நான்கு இருப்பதும் வழக்கமாகிவிட்டது. கணினியோ வீட்டுக்கு ஒன்று; அதுவும் இல்லாதோர் சங்கத்து வாசகசாலையில் உள்ளதையே நாடுகிறோம். இவ்வாறு பல கைக்கருவிகள் ஒரு மேசைக் கணினியை வந்தடையும்போது, எது யாருடையது என்று அறிவது எங்ஙனம், ஒருவருடையது மற்றொருவருடையதோடு கலவாமல் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உறவுப் பெயர்களிலிருந்து தொடங்குவோம். கணவர் தம் கைபேசியில் 'அம்மா' என்று எழுதி வைத்திருப்பது தம்மைப் பெற்றவரின் எண்ணை. மனைவியின் கைபேசியில் 'அம்மா' என்றிருப்பது அவரைப் பெற்றவரின் எண். அவருக்கு அம்மா, இவருக்கு அத்தை. தத்தம் கைபேசியில் இருக்கும்வரை இப்பெயர்களில் ஐயம் எதுவும் இல்லை. இருவரும் தம் கைபேசிகளில் ஒரே கூகிள் கணக்கைப் போட்டுவிட்டாலோ, இரண்டு பட்டியலும் ஒன்றாகி, அம்மா இருவர், அத்தை மூவர், சின்ன மாமா நால்வர் என்று வந்து நிற்பர். ஒரே பெயர் இருமுறை வரக் கண்ட மென்பொருள், இவற்றைச் சேர்த்துவிடலாமா என்று மிகப் பணிவாகக் கேட்கும். படித்துப் பாராமல் இசைவு கொடுத்தால், சம்பந்தியம்மாள் இருவரும் ஒரே பெயரின் கீழ்க் குடியேறிவிடுவர்! இங்கிலீஷ்காரர் தாயை நாடாமல் பெயரை எழுதி வைப்பதால் அவர்களுக்கு இத்தொல்லை குறைவு என்று சிலர் கூறுவர். அது முற்றும் உண்மையன்று. அவர்கள் பட்டியலிலும் தாய் தாயே. உறவுமுறை நம்மிடம் மிகுதியாகையால் தொல்லையும் மிகுதி, அவ்வளவே.

சிரிப்புக்கு இடமில்லாத செய்தியும் உண்டு. நம் காலனியில் ஒரு வீட்டில், கல்லூரியில் சேர்ந்த மகனுக்குப் புதிய கைபேசி வாங்கி, அதில் தாயாரின் கணக்கையே போட்டுக் கொடுத்தார்கள். தனக்கு அறிமுகமில்லாத பெயர்கள் கூட்டமாய்க் கிடப்பதைக் கண்ட பிள்ளை, அவற்றையெல்லாம் நீக்கிவிட்டான். தாயாரின் கைபேசியிலும் அவை மறைந்தன. ஊரில் தனியே வாழும் பெரியம்மாவின் எண், அவருக்கு ஆத்திர அவசரத்திற்கு உதவும் பக்கத்து வீட்டாரின் எண், மருந்துக்கடையின் எண் ஆகிய யாவும் போயின. பெரியம்மாவின் உடல்நலத்தை விசாரிக்க எண்ணிக் கைபேசியை எடுத்தபோதுதான் இழப்பு தெரிந்தது. நல்லவேளையாக, நீக்கப்பட்ட பெயர்களைக் கூகிள் 30 நாள்வரை குப்பைக்கூடையில் வைத்திருக்கிறது. மேசைக் கணினியில் அக்கணக்கைத் திறந்து அவற்றை மீட்டார்கள். ஒரு மாதம் கழித்து அறிந்திருந்தால் மீட்க வழியில்லை.

பிள்ளைமீது குறை சொல்வதற்கில்லை. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு என்பதை அவ்வீட்டில் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஸிங்க் எனப்படும் ஒத்திசைவு கண்ணாடி போன்றது. நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் அழிந்துவிடும். காப்புப்படியோ சுவரில் மாட்டிய புகைப்படம். நமக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதை முதலில் நிலைநாட்டிக்கொள்ள வேண்டும்.

இனி அடையாளத்திற்கு வருவோம். இங்குள்ளோரில் பலர் ரயில்வேயைச் சேர்ந்தோர். யார்டில் ஒரே வகை வாகன்கள் வரிசையாக நின்றால் தோற்றத்தில் வேற்றுமை காண இயலுமா? எண்ணைக் கொண்டே அறிகிறோம். அவ்வெண் 11 இலக்கம் உடையது. முதல் இரண்டு வாகனின் வகை. அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேயின் உடைமை என்பது. அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட ஆண்டு. பின் நான்கு அதன் தனி எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே அமைந்தது. எழுதுபவர் ஓர் இலக்கத்தைப் பிழைபட எழுதினால், கணக்கிட்டுப் பார்க்கும்போது கடைசி இலக்கம் ஒவ்வாமல் காட்டிக்கொடுத்துவிடும். கைபேசிக்கும் இத்தகைய எண் உண்டு. ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் தோன்றும். முதல் எட்டு மாதிரியைக் குறிக்கும். அடுத்த ஆறு அக்கருவிக்கே உரியவை. கடைசி இலக்கம் இங்கும் சரிபார்ப்புக்கே. இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு எண்கள். இவற்றை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைபேசி களவு போனால், 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்துள்ள சஞ்சார் சாத்தி ஏற்பாட்டின் வழியே, இவ்வெண்ணைக் கொண்டு அதனைத் தடைசெய்ய இயலும்.

ஆனால் கேபிளில் இணைத்ததும் கணினி பார்ப்பது இந்த எண்ணை அன்று. தயாரித்தவருக்குரிய எண், மாதிரியின் எண், கருவியின் தொடர் எண் ஆகிய மூன்றை அது கேட்டுப் பெறுகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரியில் இரண்டு கைபேசி வாங்கினால், முதல் இரண்டு எண்களும் ஒன்றே. தொடர் எண் மட்டும் வேறு. கணினிக்கு அது போதும். நமக்குத்தான் போதாது, ஏனெனில் திரையில் நாம் காண்பது மாதிரிப் பெயரை மட்டுமே. ஆகையால் ஒவ்வொரு கைபேசியின் அமைப்புப் பகுதிக்கும் சென்று, 'போனைப் பற்றி' என்ற இடத்தில் அதன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கும் 'அம்மா' என்று வைக்க வேண்டா! குவார்ட்டர்ஸ் எண்ணும் உரியவர் பெயரும் இருந்தால் வாசகசாலைக் கணினியில் குழப்பம் நேராது.

இச்சிக்கல் புதிதன்று. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாம் நிறுவனத்தார் 'பைலட்' என்ற உள்ளங்கைக் கருவியை வெளியிட்டனர். அதைத் தொட்டில் போன்ற ஒரு தாங்கியில் வைத்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், கணினியிலுள்ள நாட்குறிப்பும் கருவியிலுள்ள நாட்குறிப்பும் ஒன்றாகும். ஒரு கணினியில் பலர் தம் கருவிகளை வைக்கலாம். முதன்முறை வைக்கும்போது கணினி பெயரைக் கேட்டு, அப்பெயருக்குத் தனி இடம் ஒதுக்கும். அக்கருவியில் பேட்டரி முற்றும் தீர்ந்தால் நினைவகமும் வெறுமையாகிவிடும். புதிய பேட்டரி போட்டுத் தொட்டிலில் வைத்ததும், 'இது யாருடையது?' என்று கணினி வினவும். சரியான பெயரைக் காட்டினால் இழந்தவை யாவும் திரும்ப வரும்; பிறர் பெயரைக் காட்டினால் பிறர் வாழ்க்கை நம் கையில் வந்து சேரும்! ஒரே குறிப்பைக் கணினியிலும் கருவியிலும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், எது சரி என்று தானே முடிவு செய்யாமல் இரண்டையும் வைத்துவிடும். இக்கால மென்பொருள் பலவற்றைக் காட்டிலும் இது அடக்கமான நடத்தை என்பது நம் கருத்து. அந்நிறுவனம் 2010இல் கைமாறியது, பைலட்டும் மறைந்தது. 'இது யாருடையது?' என்ற கேள்வி மறையவில்லை.

புகைப்படங்களில்தான் பேரிழப்பு நேர்கிறது. 2025 ஜனவரி 14 பொங்கலன்று நம் வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படங்களை எண்ணிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் தான் பெற்ற படத்திற்குத் தேதியையும் அன்றைய வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயரிடுகிறது. எனவே தந்தையின் கைபேசியில் அன்றைய மூன்றாம் எண் படம் ஒன்று, தாயின் கைபேசியில் அதே எண்ணுடைய படம் வேறொன்று. இரண்டையும் கணினியில் ஒரே உறையில் கொட்டினால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று உள்ளது, அதன் இடத்தில் இதை வைக்கவா என்று கணினி கேட்கும். பலரும் 'ரீப்ளேஸ்' என்று அழுத்திவிடுகிறார்கள். விற்றுவிட்ட பூர்வீக வீட்டின் திண்ணைப் படத்தின்மேல், எவரோ அனுப்பிய காலை வணக்கப் படம் ஏறி அமர்ந்துவிடும். கைபேசியில் இடமில்லையென்று அங்கும் அழித்துவிட்டால் அத்திண்ணையை மீண்டும் காண்பது ஏது? கைபேசிக்கு ஓர் உறை, அதனுள் ஆண்டுக்கு ஓர் உறை என்று பிரித்து வைத்தால் இக்கேடு இல்லை. படி எடுத்தபின், கணினியில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே கைபேசியில் அழிக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்போர்க்கு இதில் சற்று எளிமை உண்டு. இக்கணினியை நம்பலாமா என்று அது முதலில் கேட்கும். காப்புப்படிகளும் கருவியின் அடையாளக் குறியீட்டின் பெயரிலேயே தனித்தனி உறைகளில் சேர்வதால், ஒருவருடையது மற்றவருடையதோடு கலவாது. அக்காப்புப்படிக்குக் கடவுச்சொல் வைப்போர் அதை மறவாதிருத்தல் வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் மாறியிருந்தால், எது பிந்தியதோ அதையே சரியென்று கொள்ளும் மென்பொருள்கள் பல. கைபேசி ஒன்றின் நேரம் பிழையாக இருந்தால், பழையது புதியதை வென்றுவிடும். நம் ரயில்வேயின் பொது விதிகள், நாள்தோறும் 16 மணிக்கு முக்கிய நிலையங்களுக்கெல்லாம் நேரம் அறிவிக்கப்பட வேண்டும் என்று கூறுவதை இங்குள்ளோர் அறிவர். பல கடிகாரங்களை ஒரு கடிகாரத்தோடு ஒத்திசைப்பதன்றி அது வேறென்ன? 1906இல் இந்திய நேரம் ஏற்படுமுன், நாட்டின் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின என்பதையும் தமிழ்ச் சங்கத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை. கைபேசியில், நேரத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதை நிறுத்தி வைக்க வேண்டா.

வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் வாசகசாலைக் கணினி இப்பணிக்கென்றே திறந்திருக்கும். இளைஞர் இருவர் உதவிக்கு இருப்பர். கைபேசியின் பெயர், உரியவர் பெயர், கணினியில் அதன் உறை ஆகியவற்றைக் குறிக்க ஒரு பதிவேடும் தொடங்கப்பட்டுள்ளது. சங்கத்துக் கணினியில் வைக்கும் படி தாற்காலிகமானது. அவரவர் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ அன்றே எடுத்துச் செல்ல வேண்டும். கைபேசியோடு வந்த கேபிளையே கொண்டுவாருங்கள். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டுமே இருக்கும், தகவல் செல்லும் கம்பி இராது. அதைக் கொண்டுவந்து கணினி கைபேசியை அறியவில்லையே என்று இளைஞர்களைக் கடிந்துகொள்ள வேண்டா.