பூமர் என்றான் மாணவன்



ஒன்பதாம் வகுப்பில் கைப்பேசியின் தீமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து "பூமர்!" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. எங்கள் பள்ளிப் பருவத்தில் பூமர் என்றால் பபிள்கம்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொல்லைத் தேடிப் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு பெருகியது. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு 'பேபி பூமர்' தலைமுறை என்று பெயர். 2019இல் இளைஞர்கள் 'ஓகே பூமர்' என்று அதைக் கேலியாக்கினர். அந்த நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது உறுப்பினர் குளோயி சுவார்பிரிக் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகையில் ஒருவர் குறுக்கிட்டார். "ஓகே பூமர்" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

நம் ஊருக்கு வந்த சொல்லில் பிறந்த ஆண்டுக் கணக்கு இல்லை. நான் பிறந்தது 1980. "நான் பூமரே இல்லை" என்று மறுநாள் வகுப்பில் விளக்கினேன். (விளக்கியதே பூமர்தனம்!)

"வயசு இல்ல சார். நாங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடறீங்க" என்றான்.

அன்று குறுக்கிடாமல் கேட்டேன். கைப்பேசியில் அவன் பார்ப்பது பெரும்பாலும் பைக் எஞ்சின் பிரிக்கும் காணொளிகளாம்.