புல்வெளியிற் கண்ட பந்தி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



ஆபிரிக்கப் பிரயாணத்திற் கண்டவற்றைச் சொல்லுமாறு எம்மைப் பணித்தீர்கள். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நீங்கள் படத்திற் கண்டவையே. ஆதலால் ஒரேயொரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றோம். அன்று நாம் ஒரு தவறான தீர்ப்புக் கூறினோம்.

தன்சானியாவிலுள்ள இங்கோரோங்கோரோ, பண்டைய எரிமலையொன்று உள்ளிடிந்து உண்டான பெருங்கிண்ணம். ஏறக்குறைய 600 மீற்றர் உயரமான மலைச்சுவர் சூழ, 260 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள புல்வெளி அதன் அடியில் விரிந்து கிடக்கின்றது. விடியற்காலையில் ஜீப் வண்டியில் அங்கு இறங்கினோம். சிங்கங்கள் இரண்டு, வில்டபீஸ்ட் எனப்படும் மாட்டுத்தலை மானொன்றைத் தின்றுகொண்டிருந்தன. சற்றுத் தூரத்தில் ஒரு கூட்டம் கழுதைப்புலிகள் குந்தியிருந்தன.

"அரசர் உழைத்து உண்கின்றார், திருடர் காத்திருக்கின்றனர்" என்றோம். வழிகாட்டி சிரித்தார். தொலைநோக்கியை எம்மிடம் தந்து, "காத்திருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள், ஐயா" என்றார். பார்த்தோம். கழுதைப்புலிகளின் முகத்திலும் கழுத்திலும் இரத்தம் காய்ந்திருந்தது. இரவிலே அம்மானை வீழ்த்தியவை அவையே. அவற்றின் ஆரவாரங் கேட்டு வந்த சிங்கங்கள் பறித்துக்கொண்டன!

இது வழிகாட்டியின் கற்பனையன்று. ஹான்ஸ் குறூக் என்னும் ஒல்லாந்து நாட்டு விஞ்ஞானி 1964 ஆம் ஆண்டு முதல் அப்பகுதியில் இரவிரவாகக் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். அக்கிண்ணத்தில் அவை தம் இரையிற் பெரும்பகுதியைத் தாமே கொல்கின்றன என்பதையும், சிங்கங்களே அடிக்கடி அதனைப் பறிக்கின்றன என்பதையும் கண்டறிந்து, 1972 இல் நூலாக வெளியிட்டார். எல்லாவிடத்தும் இப்படியன்று. சிங்கமும் வேட்டையாடும், கழுதைப்புலியும் பறித்துண்ணும். ஆயினும் பகலில் மட்டும் பார்த்தவர்கள் நெடுங்காலமாக ஒரு பக்கத்தையே எழுதிவந்தனர்.

வயிறு நிரம்பிய சிங்கங்கள் நிழல் தேடிச் சென்றன. உடனே கழுதைப்புலிகள் பாய்ந்தன. எலும்பு நொறுங்கும் ஓசை வண்டிக்குள்ளும் கேட்டது. இடையிடையே நரிகள் ஓடிவந்து துண்டொன்றைக் கவ்விக்கொண்டு மறைந்தன. வெயில் ஏறி, வெப்பக்காற்று மேலெழத் தொடங்கியதும் பிணந்தின்னிக் கழுகுகள் வந்திறங்கின.

அவற்றுள்ளும் ஒரு வேலைப்பங்கீடு உண்டு. பருத்த அலகுடைய பெருங்கழுகு தடித்த தோலையும் தசைநாரையும் கிழிக்கின்றது. நீண்ட கழுத்துடைய வெண்முதுகுக் கழுகுகள் உள்ளே தலையை நுழைத்து மென்தசையை உண்கின்றன. சிறிய கழுகினமொன்று ஓரத்தில் நின்று சிந்தியதைப் பொறுக்குகின்றது. நண்பகலிற் கொம்பும் சில எலும்புகளும் மட்டுமே கிடந்தன. அழுகுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் மூக்கைப் பொத்திக்கொண்ட நாம், இறுதியில் வியப்புற்றோம். அழுகிய ஊனிலுள்ள நோய்க்கிருமிகள் பலவற்றைக் கழுகின் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் அழித்துவிடுகின்றது. கூலி கேளாத துப்புரவாளர் அவை.

மனிதர் அவற்றுக்குச் செய்யும் கைம்மாறு யாது? யானையைக் கொன்று தந்தங் கவர்வோர், வானில் வட்டமிடுங் கழுகுகள் தம்மைக் காவலர்க்குக் காட்டிக்கொடுக்குமென அஞ்சிப் பிணத்தில் நஞ்சிடுகின்றனர். பொற்சுவானா நாட்டில் 2019 ஆம் ஆண்டு நஞ்சூட்டப்பட்ட மூன்று யானைகளின் உடல்களைத் தின்று 530 க்கும் மேற்பட்ட கழுகுகள் மடிந்தன. நாம் கண்ட வெண்முதுகுக் கழுகு, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களுள் ஒன்றென 2015 இல் அறிவிக்கப்பட்டது. அருவருப்பானவை என்று நாம் முகந் திருப்பியிருப்பதும் இக்கொடுமைக்குத் துணையன்றோ?

இளைஞர்களே, பந்தியில் முதலில் இருப்பவரெல்லாம் உழைத்தவர் அல்லர். வெளியே காத்திருப்பவரெல்லாம் திருடருமல்லர். கடைசியில் வந்து துப்புரவு செய்வோர் இல்லையேல், பந்தி நடந்த இடத்தில் எவரும் நிற்கவும் முடியாது. ஒருவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், நாம் வருவதற்கு முந்திய இரவில் நடந்ததென்ன என்று கேளுங்கள். அன்று காலை தொலைநோக்கி எம் கைக்கு வந்திராவிட்டால், அந்தப் பொய்யையே இன்று உங்களிடமும் சொல்லியிருப்போம்.