மூச்சை அளந்து கொடு, மூளையைக் காப்பாற்று!

(தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "குறைமாசப் பிள்ளை, மூச்சுவிட முடியவில்லை, எல்லாம் தலைவிதி" என்பார்கள். அந்தத் தலைவிதியைத்தான் இன்று நாம் விசாரிக்கப் போகிறோம்.

1963-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பாட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பாஸ்டன் நகரத்தின் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பேர்பெற்ற டாக்டர்கள் சூழ்ந்து நின்றார்கள். ஆனாலும் 39 மணி நேரத்தில் அந்தப் பிள்ளை மூச்சுத் திணறி இறந்தது. பணம் இருந்தது, அதிகாரம் இருந்தது, வைத்தியம் இல்லை. இன்று நிலைமை தலைகீழ். வைத்தியம் இருக்கிறது. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது? இதுதான் கேள்வி.

அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? நமது நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அது இருப்பதால்தான் மூச்சை வெளியே விட்டாலும் பைகள் ஒட்டிக்கொள்வதில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பூச்சு போதாது. நனைந்த துணி மடிப்புப் போலப் பைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவற்றைப் பிரிக்கப் பிள்ளை போராட வேண்டும். இந்தக் குறையை மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர், தம் சகாவுடன் சேர்ந்து, அதே அமெரிக்காவில் 1959-லேயே கண்டு சொல்லிவிட்டார். நோயின் காரணம் தெரிந்தது, மருந்து வரவில்லை.

"மூச்சுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. குறைமாதப் பிள்ளையின் மூளைக்குள் இருக்கும் இரத்தக் குழாய்கள் ஒற்றைப் பஞ்சிழையைப் போல மெலிந்தவை. மூச்சு தடைப்பட்டால் இரத்தத்தில் கரியமில வாயு கூடும், குழாய்கள் விரியும், சில வெடித்து இரத்தம் கசியும். முதல் மூன்று நாளில்தான் இந்த அபாயம் அதிகம். சரி, இயந்திரத்தை வைத்து வேகமாக ஊதினால்? கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறையும், குழாய்கள் சுருங்கும், மூளை பட்டினி கிடக்கும். இரண்டிலும் ஆபத்து. பிழைத்த பிள்ளைக்குக் கைகால் விறைக்கலாம். நடையும் பேச்சும் தாமதப்படலாம்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடையை அடைத்தால் நாற்று காயும். முழுக்கத் திறந்துவிட்டால் அடித்துக்கொண்டு போகும். அளந்து விடத் தெரிய வேண்டும்.

அளவு தெரியாததால் உலகம் கொடுத்த விலை பெரிது. 1940-களில் பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண் இழந்தனர். மிதமிஞ்சிய பிராணவாயுவே காரணம் என்று 1951-ல் மெல்போர்ன் நகரத்து டாக்டர் கேட் காம்ப்பெல் எச்சரித்தார். பிறகு கண்டிப்பாகக் குறைத்தார்கள். பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகள் மூச்சில்லாமல் இறந்தனர். இரண்டு தவறுகளுக்கும் விலை கொடுத்தவை வாய் பேசாத சிசுக்கள்!

பின்னர் வழி பிறந்தது. 1971-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற டாக்டர், பிள்ளை தானே மூச்சுவிடும்போது இலேசான காற்றழுத்தம் இடைவிடாமல் இருக்கும்படி செய்தார். பைகள் ஒட்டவில்லை. 20 பிள்ளைகளில் 16 பிழைத்தன. இதைத்தான் இன்று 'சிபேப்' என்கிறார்கள். இதற்கு மாளிகை தேவையில்லை. மூக்கில் சிறு குழாய். காற்று வெளியேறும் குழாயின் நுனி தண்ணீர்ப் புட்டியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருக்கும். குமிழி குமிழியாய்க் காற்று வரும். ஆழமே அழுத்தத்தின் அளவு. ஏழை நாடான மலாவியில், பிளாண்டயர் ஆஸ்பத்திரியில், மீன்தொட்டிப் பம்பு போன்ற பம்புகளை வைத்து இதைச் செய்தார்கள். 2014-ல் வெளியான கணக்கின்படி, மூச்சுத் திணறிய சிசுக்களில் வெறும் பிராணவாயு பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர் பிழைத்தனர். குமிழிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர்!

பிறப்பதற்கு முன்பே நுரையீரலைத் தயார் செய்யவும் வழி உண்டு. நியூஜிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் ஆட்டுக்குட்டிகளிடம் கண்டதை, ஹோவி என்ற டாக்டருடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டார். தாய்க்குப் போடும் விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசி பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்கிறது; மூளையில் இரத்தம் கசிவதையும் குறைக்கிறது. ஆனாலும் அமெரிக்காவிலேயே இது பொதுப் பழக்கமாக 1990-கள் வர வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை தொட்டில்கள் காலியாயின!

இன்னொன்று கேளுங்கள். குறைமாதப் பிள்ளை மூச்சுவிட மறந்து மறந்து போகும். அதை நினைவூட்டுவது எது தெரியுமா? நமது காப்பியில் இருக்கும் காஃபின்! மிகச் சிறிய 2006 சிசுக்களிடம் பல நாடுகளில் சோதித்தார்கள். 2007-ல் வந்த முடிவின்படி, ஒன்றரை வயதில் கைகால் விறைப்பு நூற்றுக்கு 7.3-லிருந்து 4.4 ஆகக் குறைந்தது. மூச்சைக் காத்தது, மூளையையும் காத்தது. இதைக் கேட்டு யாரும் வீட்டில் சிசுவுக்குக் காப்பி புகட்டிவிடக் கூடாது. அது ஆஸ்பத்திரியில் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கும் மருந்து.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

மாதம் நிறையுமுன் வலி கண்டாலோ, நீர் உடைந்தாலோ, "பொழுது விடியட்டும்" என்று காத்திராதீர்கள். சிசுக்களுக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேருங்கள். 34 வாரத்துக்கு உட்பட்டதென்றால், "நுரையீரல் ஊசி போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். டாக்டர் அனுமதித்ததும் பிள்ளையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணையுங்கள். மிகச் சிறிய பிள்ளைக்கு ஒரு மாதம் முடியுமுன் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். வீடு வந்த பின்னும் தவணை தவறாமல் காட்டி, காது, நடை, பேச்சைக் கவனியுங்கள்.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு இருந்தால் மட்டும் போதாது, தோழர்களே! அதைக் காற்றோடு கலக்கும் கருவி வேண்டும். இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டும் மீட்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கும் அதைப் பார்த்துக் குழாயைத் திருப்பி வைக்கும் நர்ஸ் வேண்டும். ஒரு நர்ஸின் தலையில் எண்ணற்ற தொட்டில்களைச் சுமத்தினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. அறுந்த இழையை முடிய ஆளில்லாத மில்லில் நூல் எப்படி வரும்?

கென்னடியின் மகனுக்கு அன்று கிடைக்காத சிகிச்சை இன்று உலகத்தில் இருக்கிறது. அவனைவிடச் சிறிய பிள்ளைகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகின்றன. நூற்பாலைத் தொழிலாளியின் பிள்ளையும், களை எடுக்கும் தாயின் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். தலைவிதி என்று தலைகுனிய வேண்டாம். தெரிந்துகொள்வோம், கேட்போம், கேட்டுப் பெறுவோம்!